பெட்டி வேற, துப்பாக்கி வேற

குற்றாலத்துல சீசன் களைகட்டிடுச்சு. சீசன்னா உங்களுக்குச் சாரலும் பார்டர் பரோட்டாவும். எங்களுக்குப் பாறையில வழுக்கி விழுந்த மணிக்கட்டும் கணுக்காலும். நேத்து நைட் டூட்டி, இன்னைக்கு ஆஃப். ரொம்ப நாளா எழுதணும்னு வச்சிருந்த கதை இது. த்ரெட் நீளமாப் போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் துப்பாக்கி நிபுணர் இல்லை. வெறும் எம்பிபிஎஸ். ஆனா எம்பிபிஎஸ் படிச்ச எல்லாருமே சட்ட மருத்துவம் பாடத்துல துப்பாக்கிக் காயம் படிச்சுத்தான் வந்திருப்போம். ரைஃபிள் குழலுக்குள்ள சுருள் சுருளா பள்ளம் வெட்டியிருப்பாங்க, அது குண்டைச் சுழல வைக்கும், குண்டு மேல கோடு விழும். 12 போர்னா என்ன, சோக்னா என்ன, இதெல்லாம் மத்தவங்க பரீட்சையோட மறந்துட்டாங்க. எனக்கு மட்டும் அந்த அத்தியாயம் ஒட்டிக்கிச்சு. பழைய பிரிட்டிஷ் வேட்டைத் துப்பாக்கிகள் பத்தி கையில கிடைச்சதையெல்லாம் படிக்கிற கிறுக்கு பத்து வருஷமா உண்டு. சுடுற ஆசை துளியும் கிடையாது. யார் செஞ்சது, எப்போ செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறதுல ஒரு ஆசை. டயக்னசிஸ் மாதிரி.

போன வருஷம் இதே சீசன்ல ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் எங்க வார்டுல இருந்தார். 78 வயசு. அருவியில எல்லாம் விழலை, சொந்த வீட்டு முற்றத்துப் பாசியில வழுக்கி இடுப்பெலும்பு முறிஞ்சிடுச்சு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வாக்கர் பிடிச்சு நடந்தார். ரிவியூவுக்கு வந்த அன்னைக்கு, கூட்டம் குறையற வரைக்கும் பெஞ்சுலயே உக்காந்திருந்தார்.

"டாக்டர் தம்பி, உங்களுக்குப் பழைய துப்பாக்கி பாக்கத் தெரியும்னு நர்ஸம்மா சொன்னாவ. ஒரு உபகாரம் செய்யணும்."

விஷயம் இதுதான். வாத்தியாரோட அண்ணன் மூணு வருஷம் முன்னாடி இறந்துட்டார். அவருக்கு மூணு பிள்ளைகள், மூத்தது பொண்ணு, பிறகு ரெண்டு பையன். இலஞ்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, ஒரு வீடு, அப்புறம் ஒரு துப்பாக்கி. அண்ணனுக்கு முன்னாடி அவங்க அப்பா பேர்ல இருந்த வேட்டை ரைஃபிள். லைசென்ஸ்காரர் இறந்ததும் சட்டப்படி அதை திருநெல்வேலியில ஒரு ஆயுத வியாபாரிகிட்ட ஒப்படைச்சுட்டாங்க. அதோட தோல் பெட்டி மட்டும் வீட்டுப் பரண்ல கிடந்துச்சு.

அந்தப் பெட்டியைத் திறந்தா மூடிக்குள்ள ஒரு லேபிள்: ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், 98 நியூ பாண்ட் ஸ்ட்ரீட், லண்டன்.

விவரம் தெரிஞ்சவங்களுக்கு இந்தப் பேர் போதும். 1835ல ஹாரிஸ் ஹாலண்ட்ங்கிற புகையிலை வியாபாரி ஆரம்பிச்ச கம்பெனி. (சிகரெட்டை விட்டுத் தொலைங்கன்னு தினமும் நாப்பது பேர்கிட்ட சொல்ற எனக்கு இந்த விவரம் மறக்கவே மறக்காது.) நம்ம ஊர் மகாராஜாக்கள் ஆர்டர் கொடுத்து வரவழைச்ச துப்பாக்கிகள்ல இவங்களோடது நிறைய. வெளிநாட்டு ஏலத்துல இன்னைக்கும் பெரிய விலை போகும்.

யாரோ ஒரு ஆன்டிக் புரோக்கர் லேபிளைப் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு "இருபத்தஞ்சு லட்சத்துக்குக் குறையாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அதை நம்பி இளையவன், லோடு ஆட்டோ ஓட்டுற பையன், தோப்புல தன் பங்கை விட்டுக்கொடுத்துட்டு துப்பாக்கியை எடுத்துக்கிறேன்னு சம்மதிச்சிட்டான். பாகப்பிரிவினைப் பத்திரம் டைப் அடிச்சாச்சு. அடுத்த புதன்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன்.

"மூத்தவன் ஏமாத்தணும்னு நினைக்கல தம்பி. அவனும்தான் நம்புதான். ஆனா எனக்கு மனசு கேக்கல. நாலெழுத்து படிச்ச ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும்னு இருக்கு."

புதன்கிழமைக்கு ஆறு நாள் இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை நான், வாத்தியார், இளையவன், மூணு பேரும் திருநெல்வேலி போனோம். பெட்டியையும் எடுத்துக்கிட்டோம். நான் கொண்டு போனது: காது பாக்கிற ஓட்டோஸ்கோப், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு டேப், ஒரு டப்பா டால்கம் பவுடர். வியாபாரி அறுபது வயசு தாண்டின மனுஷன். மருத்துவர்னதும் சுகர் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். அதைப் பாத்துக் கொடுத்த பிறகுதான் ஸ்டாக் ரூம் திறந்துச்சு.

இரட்டைக் குழல் ரைஃபிள். வெளியே ரெண்டு சுத்தியல், காது மாதிரி நிமிர்ந்து நின்னுச்சு. விசைக்கு அடியில ஒரு நெம்புகோல், அதைப் பக்கவாட்டுல திருப்பினா குழல் மடங்கித் திறக்கும். ஹென்றி ஜோன்ஸ் 1859ல பேடன்ட் வாங்கின பூட்டு இது. கெட்டியான ரைஃபிள்களுக்கு அடுத்த நாப்பது வருஷமும் இதைத்தான் விரும்பினாங்க. தோட்டா இல்லைன்னு வியாபாரி திறந்து காட்டினதுக்கு அப்புறம்தான் கையில வாங்கினேன். நல்ல கனம்.

முதல் காரியமா துப்பாக்கியைப் பெட்டிக்குள்ள வச்சுப் பாத்தேன். இந்த மாதிரிப் பெட்டிகள்ல உள்ள சிவப்புத் துணி ஒட்டி, அந்தந்தத் துப்பாக்கியோட அளவுக்கே அறை அறையா தடுத்திருப்பாங்க. குழலை அதோட அறையில வச்சேன். ஆடுச்சு. டேப் வச்சு அளந்தா குழல் 26 அங்குலம், அறை 28 அங்குலத்துக்குச் செஞ்சது.

இளையவன் முகத்தைப் பாக்கல. பாத்திருந்தா மேற்கொண்டு பரிசோதனை பண்ணியிருக்க முடியாது.

இந்த இடத்துல ஒரு பழைய கதை. நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு மருத்துவமனையில ஒரே பேர்ல ரெண்டு பேர் அட்மிஷன். எக்ஸ்ரே கவர் மேல பேரு, வயசு, வார்டு எல்லாம் சரியா இருக்கு. உள்ள இருந்த படத்துல இடது காலர் எலும்புல பழைய முறிவு கூடின தடம். எதிர்ல நிக்கிற மனுஷனோ வாழ்க்கையில கீழயே விழுந்ததில்லைங்கிறார். கவர் இவரோடது, படம் அடுத்தவரோடது. அன்னையிலிருந்து கவர்ல எழுதினதை நான் கடைசியாத்தான் படிப்பேன். பழைய துப்பாக்கியிலயும் பெட்டி லேபிள் அந்தக் கவர்தான். பெட்டியைத் தனியா வாங்கலாம், விக்கலாம், மாத்தி வைக்கலாம். நூறு வருஷத்துல நாலு கை மாறினா எது எதோட வந்ததுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்து பேர். ரெண்டு குழலுக்கும் நடுவுல நீளமா ஒரு பட்டை ஓடும். தயாரிப்பாளர் பேரை அங்கதான் செதுக்குவாங்க. இதுல தேய்ச்சுத் தேய்ச்சு ஒண்ணுமே தெரியலை. டால்கம் பவுடரைத் தூவி விரலால தேய்ச்சு, ஓட்டோஸ்கோப் வெளிச்சத்தைச் சாய்வாப் பிடிச்சேன். பள்ளத்துல பவுடர் தங்கி எழுத்து வெள்ளையா எழும்புச்சு. முன்பாதி போயிடுச்சு. பின்பாதி ஆங்கிலத்துல "...க்ஸ் அண்ட் கோ, மெட்ராஸ்".

வியாபாரி எட்டிப் பாத்துட்டு, "ஓக்ஸ் கம்பெனி"ன்னார்.

ஓக்ஸ் அண்ட் கோ, வெள்ளைக்காரங்களுக்கு எல்லாச் சாமானும் வித்த மெட்ராஸ் கடை. அதே மாதிரி பி. ஓர் அண்ட் சன்ஸ், இன்னைக்கும் அண்ணா சாலையில இருக்கிற கடிகாரக் கடை, அவங்க பேர் போட்ட துப்பாக்கிகளும் உண்டு. கல்கத்தாவுல மேன்டன், ரோடா.

"அப்போ இது மெட்ராஸ்ல செஞ்ச டூப்ளிகேட்டா சார்?" இளையவன் கேட்ட முதல் கேள்வி.

இல்லை. பேர் போட்டவரும் செஞ்சவரும் ஒருத்தரா இருக்கணும்னு எந்த அவசியமும் இல்லை. பர்மிங்காம்ல நூத்துக்கணக்கான சின்னப் பட்டறைகள் இருந்துச்சு. ஒருத்தர் குழல் மட்டும், ஒருத்தர் பூட்டு மட்டும், ஒருத்தர் மரம் மட்டும். முடிச்ச சாமானை கடைக்காரருக்கு அனுப்புவாங்க, பட்டையில கடைக்காரர் பேரைச் செதுக்குவாங்க. நம்ம ஊர் ஜவுளிக்கடை பையில கடை பேர் இருக்கிறதால கடைக்காரரே தறி ஓட்டினார்னு அர்த்தமா? பெரிய பேர்களும் இப்படித்தான். 1907ல சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதுக்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக் கொடுத்த ரைஃபிள் மேல இருக்கிற பேர் லண்டன் ரிக்பி, உள்ள இருக்கிற இயங்குபகுதி ஜெர்மனியின் மவுசர். நம்ம பக்கத்து ஊரையே எடுத்துக்கோங்க. 1911 ஜூன் 17 அன்னைக்கு செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சியில ஆஷைச் சுட்டது பிரவுனிங் பிஸ்டல். பிரவுனிங் அமெரிக்கர். பிஸ்டல் செஞ்சது பெல்ஜியத்துல.

அப்போ யார் செஞ்சதுன்னு எதை வச்சு முடிவு பண்றது? குழலுக்கு அடியில பாக்கணும். முன்பக்க மரத்துண்டைக் கழட்டி, குழலைத் தனியா எடுத்துக் கவுத்துப் போட்டா, சாதாரணமா யாரும் பாக்காத தட்டையான இடத்துல சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். ப்ரூஃப் மார்க்னு சொல்வாங்க. பிரிட்டன்ல எந்தத் துப்பாக்கியையும் விக்கிறதுக்கு முன்னாடி சோதனைச்சாலைக்கு அனுப்பணும். வழக்கத்தை விட அதிக மருந்து வச்சு அங்க சுட்டுப் பாப்பாங்க. வெடிக்காம தாங்கினா முத்திரை. நெஞ்சுவலிக்காரரை டிரெட்மில்ல ஓடவிட்டு ஈசிஜி எடுக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க. லண்டன்ல 1637ல சாசனம் வாங்கின கம்பெனியோட சோதனைச்சாலை, பர்மிங்காம்ல 1813ல பாராளுமன்றச் சட்டம் போட்டு வந்தது. பட்டை மேல பேரை யார் வேணும்னாலும் செதுக்கலாம். அடியில இருக்கிற முத்திரைதான் லேப் ரிப்போர்ட்.

கெரசின் துணி வச்சு அழுக்கை எடுத்ததும் கிரீடம் தெரிஞ்சுது. கிரீடத்துக்குக் கீழ பெருக்கல் குறி மாதிரி ரெண்டு செங்கோல். ஒண்ணுல நடுநடுவே பி, பி, சி எழுத்துகள், இன்னொண்ணுல வி. சந்தேகமே இல்லை, பர்மிங்காம். இந்தச் செங்கோல் முத்திரை 1904 வரைக்கும்தான். அதுக்குப் பிறகு கிரீடமும் எழுத்தும் மட்டும். முட்டை வடிவத்துக்குள்ள இ.எல்.ஜி.ன்னு இருந்திருந்தா பெல்ஜியத்து லியேஜ், இங்கிலீஷ் பேர் போட்ட பல மலிவுத் துப்பாக்கிகளோட பிறந்த ஊர் அது. இதுல அது இல்லை.

பர்மிங்காம்னதும் ஹாலண்ட் இல்லைன்னு உடனே அடிச்சுடலாமான்னா, முடியாது. அந்தக் காலத்துல ஹாலண்டுக்கே பர்மிங்காம் ஸ்காட் பட்டறைதான் நிறைய செஞ்சு கொடுத்துச்சு. ஆனா அப்படி வந்ததுல ஹாலண்ட் பேரும் ஹாலண்ட் வரிசை எண்ணும் இருக்கும். இங்க ரெண்டும் இல்லை. பெட்டியும் பொருந்தல. மூணும் ஒரே பக்கம் கை காட்டினா அதுதான் டயக்னசிஸ்.

முத்திரை, பூட்டு, .500 எக்ஸ்பிரஸ் அளவு எல்லாம் சேர்த்துப் பாத்தா 1870களுக்கும் 1904க்கும் நடுவுல பர்மிங்காம் பட்டறையில செஞ்சு, மெட்ராஸ்ல ஓக்ஸ் வித்த ரைஃபிள். எந்தப் பட்டறைன்னு பிடிபடல. எங்க பாஷையில சொன்னா பி.யு.ஓ., காரணம் தெரியாத காய்ச்சல்.

அடுத்து அசல் எவ்வளவு, மாத்தினது எவ்வளவுன்னு பாக்கணும். நல்ல பட்டறையில குழல், அடிப்பகுதி, முன் மரத்தோட இரும்பு எல்லாத்துலயும் ஒரே எண் அடிச்சிருப்பாங்க. இதுல குழலும் அடிப்பகுதியும் ஒரே எண். முன்மர இரும்புல வேற எண். இடது சுத்தியல்ல இருக்கிற பூவேலை வலதுல இருக்கிறதை விட முரட்டுத்தனம், பின்னால யாரோ வார்த்துப் போட்டது. திருகாணிகளையும் பாக்கணும். தரமான பட்டறைக்காரங்க திருகாணித் தலையில இருக்கிற கோடுகள் எல்லாம் குழலோட போக்குலயே நிக்கிற மாதிரி முடுக்குவாங்க. இங்க ஆளுக்கொரு திசையில நின்னுச்சு, ஓரம் வேற சிதைஞ்சிருந்துச்சு. பலபேர் கழட்டி மாட்டியிருக்காங்க. குழலுக்குள்ள வரிப்பள்ளம் நல்லாத் தெரிஞ்சாலும் அங்கங்க துருக்குழி. கருமருந்து கசடு ஈரத்தை இழுக்கும், சுட்ட அன்னைக்கே வெந்நீர் ஊத்திக் கழுவலைன்னா சாரல் அடிக்கிற ஊர்ல இரும்பு பிழைக்காது.

பெரிய மாற்றம் தோள்ல வைக்கிற மரக்கட்டையில. இங்கிலீஷ் துப்பாக்கிக்கு வால்நட் மரம்தான் போடுவாங்க. இது ஈட்டி. கருஞ்சிவப்பா, ரேகை ஓடி, தொட்டாலே நம்ம மலை மரம்னு தெரியும்.

"கட்டை மாத்தியிருக்கு ஐயா"ன்னு வாத்தியார்கிட்ட சொன்னேன். அவர் சிரிச்சார். அன்னைக்கு முதல் தடவையா.

"அது செங்கோட்டை ஆசாரி போட்டது தம்பி. அப்ப நான் பொறக்கவே இல்ல. மலையில கரடி ஒண்ணு கூட வந்த ஆள் மேல விழுந்துட்டு. எங்கப்பா ரெண்டு குழலும் சுட்டுட்டு நின்னாராம், மருந்து காலி. திருப்பிப் பிடிச்சு கட்டையால அடிச்சாராம். கட்டை ரெண்டாப் போச்சு. கரடி போயிட்டு. அந்த ஆளுக்குத் தாடை கிழிஞ்சு, கடைசி வரைக்கும் கஞ்சிதான் குடிச்சாராம். அவர் சாகுற வரைக்கும் வருஷா வருஷம் எங்க வீட்டுலயிருந்து நெல்லு போகும். நான் சைக்கிள்ல கொண்டு குடுத்திருக்கேன்."

கரடிக்கடி கேஸ் நானும் பாத்திருக்கேன். மலையடிவாரத்துல டூட்டி பாத்த எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க, கரடி முகத்துக்குத்தான் வரும். அந்தத் தாடை எப்படி இருந்திருக்கும்னு எனக்குப் படமா ஓடுச்சு.

அப்பதான் விலைப் பேச்சு வந்துச்சு. வியாபாரி நேராச் சொன்னார். "இருபத்தஞ்சு லட்சம் யாரு குடுப்பா? வாங்குறவனுக்கு முதல்ல லைசென்ஸ் வேணும். ஒரு ஆளு ரெண்டு துப்பாக்கிக்கு மேல வச்சுக்கக் கூடாது. இதுக்குத் தோட்டா கிடையாது. வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. யாராவது ஆசைப்பட்டு நாப்பதாயிரம் குடுத்தா அதிர்ஷ்டம்."

அவர் சொன்னது சரி. 2019ல ஆயுதச் சட்டத்தைத் திருத்தி மூணை ரெண்டாக்கினாங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டின பொருளை அனுமதி இல்லாம நாட்டை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது. லண்டன் ஏல விலையை மொபைல்ல காட்டுற புரோக்கர் இதைச் சொல்ல மாட்டான்.

கூடவே ஒரு சமாச்சாரம் சொன்னார், வெள்ளைக்காரன் காலத்துலயே இந்தியாவுல .450 போருக்குத் தடை இருந்துச்சுன்னு. அதுவும் உண்மை. 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல, ராணுவத்து மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக்கு அந்தக் குண்டு பயன்பட்டுடும், கலகக்காரன் கையில போயிடும்னு பயந்து நிறுத்தினாங்க. அதனாலதான் லண்டன் கம்பெனிகள் அவசர அவசரமா .465, .470ன்னு புது அளவுகள் கொண்டு வந்தாங்க. உலகம் முழுக்க யானை வேட்டைக்காரங்க தூக்கிட்டுத் திரிஞ்ச அளவுகள் நம்மளைப் பாத்து பயந்து பிறந்தது. இந்தக் கதையைச் சொல்றப்போ எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருக்கு.

இளையவன் ரொம்ப நேரம் பேசல. பிறகு, "ஒரே ஒரு தடவை சுட்டுப் பாத்தா மதிப்பு கூடுமா சார்? புது மருந்து போட்டு?"ன்னான்.

அங்க நான் கொஞ்சம் சத்தமாவே பேசிட்டேன். உங்களுக்கும் சேர்த்துச் சொல்றேன். இந்த ரைஃபிளுக்குக் கருமருந்துச் சோதனை மட்டும்தான் நடந்திருக்கு. புகையில்லா மருந்துக்கு அழுத்தம் ரொம்ப அதிகம், அதுக்குன்னு தனிச் சோதனை, தனி முத்திரை உண்டு. அது இதுல இல்லை. மேல துருக்குழி வேற. வெடிச்சா உங்க கன்னத்துக்கு நாலு விரக்கடை தள்ளி வெடிக்கும். பன்னிக்கு வைக்கிற அவுட்டுக்காய் கையில வெடிச்சு வந்தவங்களை நான் பாத்திருக்கேன். கட்டைவிரல் இல்லாத கையால லோடு ஆட்டோ கியர் போட முடியாது தம்பின்னு சொன்னேன். அவன் தன் கையைப் பாத்துக்கிட்டான்.

திரும்பி வர்ற பஸ்ல ஆலங்குளம் தாண்டுற வரைக்கும் மூணு பேரும் பேசல. அப்புறம் வாத்தியார் மூத்தவனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கர்ல இல்லை, ஆனாலும் கேட்டுச்சு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அப்போ பத்திரத்தை மாத்துவோம் சித்தப்பா. எனக்கென்ன, அவன் பங்கைத் தின்னுட்டா நான் தூங்கப் போறேன்?" உண்மையாச் சொல்றேன், நான் சண்டையை எதிர்பாத்தேன். புதன்கிழமை ரிஜிஸ்ட்ரேஷன் நடக்கல. மூணு வாரம் கழிச்சு நடந்துச்சு, தோப்பு மூணு பங்கா.

துப்பாக்கி இன்னும் வியாபாரிகிட்டதான் இருக்கு. வாடகை போகுது. மூத்த அக்கா பையன் பேர்ல லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்காங்க, வரும்னு யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. கிடைக்கலைன்னா அரசாங்கத்துக்கிட்ட ஒப்படைக்கிறதுன்னு பேச்சு. அப்படிப் போனா அந்த ஈட்டிக் கட்டையை மட்டும் கழட்டி வச்சுக்கலாமான்னு வாத்தியார் என்கிட்ட கேட்டார். மரத்துக்கு லைசென்ஸ் வேண்டாம்னுதான் எனக்குத் தோணுது, ஆனா ஒரு பாகத்தையும் தொடாம முதல்ல போலீஸ்ல எழுதிக் கேளுங்கன்னேன்.

பெட்டி வாத்தியார் வீட்டுல இருக்கு. மாத்திரையும் எக்ஸ்ரேவும் அதுக்குள்ளதான். 28 அங்குல அறையில வாக்கிங் ஸ்டிக் வச்சிருக்கார், அதுவும் பொருந்தல.

ஆனா எனக்கு ஒரு அரிப்பு இன்னும் இருக்கு. அந்த லேபிள் போலி இல்லை. தோல், துணி, பித்தளை மூலை எல்லாமே அந்தக் காலத்துது. அப்போ அந்த 28 அங்குலக் குழல் எங்க? குற்றாலத்துல கம்பெனி காலத்துலயே ஜாதிக்காயும் கிராம்பும் பயிரிட்டாங்க, சீசனுக்குத் துரைமார் வந்து தங்கின பங்களாக்கள் உண்டு. ஆரியங்காவு தாண்டினா தேயிலை, ரப்பர் எஸ்டேட்கள். ஊருக்குத் திரும்பறப்போ சாமானை வித்துட்டுத்தான் போயிருப்பாங்க. துப்பாக்கி ஒரு வீட்டுக்கும் பெட்டி ஒரு வீட்டுக்கும் போயிருக்கும்.

அதனால தென்காசி, செங்கோட்டை, புனலூர் பக்கத்து ஆளுங்க யாராவது இதைப் படிச்சா: உங்க குடும்பத்துல லைசென்ஸோட ஒரு பழைய துப்பாக்கி இருந்து, பட்டையில ஹாலண்ட் பேர் இருந்து, குழல் 28 அங்குலமா இருந்து, பெட்டி மட்டும் இல்லைன்னா, எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. லைசென்ஸ் இல்லாம பரண்ல கிடந்தா எனக்கு மெசேஜ் போடாதீங்க, முதல்ல ஒரு வக்கீலைப் பாத்து ஸ்டேஷனுக்குப் போங்க.